தொண்ணூறு நாள் அலமாரி

கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா, ஃபோனில்.
வரவேற்பு மேசையின் மிஸ் லோவுக்குத் தமிழ் வராது.
லைனை ஆறாம் மாடிக்குத் திருப்பிவிட்டாள்,
தலையணை உறையைப் பல்லில் கடித்தபடி
மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னிடம்.

"தீவுக்கு வர்றோம், நாலு பேரு.
என்னென்ன எடுத்துக்கிட்டு வரணும்?"

பத்து ஃபிரிங்கியில் எனக்குப் பதினோரு வருஷம்.
எந்தத் தீவுக்கும் நான் மூட்டை கட்டியதில்லை,
குடியிருப்பதே தீவில்.
ஆனால் மூட்டைகள் எதை மறக்கும் என்று தெரியும்.

குடை, என்றேன்.
நாலு மணிக்கு மழை கொட்டும்;
ஐந்துக்கு வெயில் வந்து நிற்கும்,
தனக்கு ஒன்றும் தெரியாததுபோல.
காட்டன் துணி. ஜீன்ஸ் வேண்டாம்,
அது காய்வதற்குள் லீவு முடிந்துவிடும்.
கொசுவுக்குக் களிம்பு. சின்ன போத்தலில் காடி.
"காடியா?"
வினிகர், அம்மா. சொறிமீன் தீண்டினால் ஊற்ற.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பெட்டியில் வராத ஒன்றையும் சொன்னேன்:
பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள்.
போன மாசம் ஒரு குரங்கு
ஒருவருடைய பல்செட்டைத் தூக்கிப்போய்
மரத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தது.
மனுஷன் மூன்று நாள் கஞ்சி குடித்தார்.

"ஊறுகாய்?"
வேண்டாம். நூற்றொன்றாம் பஸ் ஏறினால் மார்க்கெட் தெரு.
உங்கள் ஊர் ஊறுகாய்
உங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிரித்தார். பேரைக் கேட்டார்.
பவளக்கொடி.
சட்டையில் குத்திய பட்டையில்
பவளாவுக்கு மட்டும்தான் இடம்.

இனி, அவரிடம் சொல்லாதது.

விரிப்புகள் அடுக்கும் அறையில் ஓர் இரும்பு அலமாரி.
விட்டுப்போனவை தொண்ணூறு நாள் அதில் தூங்கும்.
யாரும் கேட்காவிட்டால்
கண்டெடுத்த கைக்கே சொந்தம்.
ஒற்றைச் செருப்புகள், இடது கால்தான் அதிகம், ஏனோ.
பனிமலைக்குப் பின்னிய ஸ்வெட்டர்.
இருபதாம் பக்கத்தைத் தாண்டாத புத்தகங்கள்.
ஒரு தடவை, இஸ்திரிப்பெட்டி.

அறுநூற்றுப் பதினான்குக்கு வந்தவள்
பெட்டியே கொண்டுவரவில்லை.
ஆபீஸ் உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை,
ஈப்போ பஸ்ஸின் டிக்கெட் கையில் கசங்கி.
பல்துலக்கி கேட்டாள். இரண்டு கொடுத்தேன்,
ஒன்றைத் திருப்பித் தந்தாள்.
சாலையோரக் கடையில்
இருபது வெள்ளிக்கு ஒரு கைலி வாங்கினாள்.
அப்புறம் இரண்டு நாள்
கதவில் தொங்கும் சிவப்பு அட்டைதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அறை காலி.
தனியாக வருகிறவர்களும்
கட்டிலின் ஓரத்தில்தான் படுப்பார்கள்,
இன்னொருவருக்கு இடம் விட்டு.
விரிப்பின் கசங்கல் எனக்குப் பொய் சொல்லாது.
இவள் நட்டநடுவில் படுத்திருந்தாள்,
கையும் காலும் விரித்து.

தலையணைமேல் கைலி, மடிப்புக் கலையாமல்.
ஒரு முனையில் முடிச்சு.
முடிச்சுக்குள் வீட்டுச் சாவி.

பதிவேட்டில் எழுதினேன்:
கைலி ஒன்று, நீலம். சாவி ஒன்று.

யாரும் கூப்பிடவில்லை.
தொண்ணூற்றொன்றாம் நாள்
கைலியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன்.
சாயம் கொஞ்சம் போனது.
ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொள்கிறேன்.
சாவியை மட்டும் எடுக்கத் தோன்றவில்லை.
அலமாரியின் உள்கதவில், ஆணியில், இன்னும் தொங்குகிறது.
அது விதிக்கு விரோதம்.
மிஸ் லோ பார்த்தாள், பார்க்காததுபோல் போனாள்.

"பவளா, லைன்ல இருக்கீங்களா?
கடைசியா ஒண்ணு கேட்கணும்.
வீட்டுச் சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வரலாமா,
கூடவே எடுத்துட்டு வரணுமா?"

மெத்தையில் பாதி விரிப்பு.
சன்னலுக்கு வெளியே கடல்
யாரோ ஊதிய மிதவையை
கரைக்குக் கொண்டுவருவதும் இழுத்துப்போவதுமாக.

அது உங்க இஷ்டம் அம்மா, என்றேன்.
பிறகு,
குடையை இன்னொரு தடவை சொன்னேன்.